சுனாமி: கடலூருக்கு வந்த ஜப்பானியச் சொல்

போன மாதம் கடலூர் தேவனாம்பட்டினம் பக்கம் ஒருவரிடம் வழி கேட்டேன். "சுனாமி குடியிருப்பு தாண்டி லெஃப்ட்ல போங்க சார்" என்றார். கூட வந்த என் பையன், "சுனாமிங்கிறது இந்த ஏரியா பேராப்பா?" என்றான். 2004க்கு அப்புறம் பிறந்தவன். சிரிக்க முடியவில்லை. அவனுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

ஜப்பானிய மொழியில் 'ட்சு' என்றால் துறைமுகம், 'நாமி' என்றால் அலை. துறைமுகத்துக்கு மட்டும் ஏன் தனியாக ஓர் அலை? ஆழ்கடலில் இதன் உயரம் பெரும்பாலும் ஒரு மீட்டரைக்கூடத் தொடாது. படகுக்கு அடியில் தெரியாமலே கடந்துபோகும். கரையருகே ஆழம் குறையக் குறைய வேகம் தணிந்து, உயரம் எழும்பும். 1896இல் ஜப்பானின் சன்ரிக்கு கரையில் சுமார் 22,000 பேர் இறந்தார்கள். கடலுக்குள் இருந்த மீனவர்களுக்கோ எதுவும் தெரியவில்லை. திரும்பி வந்தால் ஊர் இல்லை. இப்படிப்பட்ட அனுபவம்தான் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது.

நம்மிடம் சொல் இல்லாமல் இல்லை. 'கடல்கோள்' இருக்கிறது. கடல் கொண்ட நிலத்தைப் பற்றிச் சிலப்பதிகாரமும் இறையனார் களவியல் உரையும் பேசுகின்றன. ஆனால் கடல்கோள் என்பது கொண்டுபோனதைச் சொல்லும் சொல். எங்கே, எப்படி வரும் என்று சொல்லாது. நான் பேசிப் பார்த்த மீனவர்கள் யாரும் அதைப் பேச்சில் கேட்டதும் இல்லை.

2004 டிசம்பர் 26 காலை 6.29க்கு சுமத்ரா அருகே நிலநடுக்கம். அலை நம் கரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. தப்பிக்க அது தாராளமான நேரம், சொல்ல ஆள் இருந்திருந்தால். கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600க்கும் மேற்பட்டோர் போனார்கள். சிதம்பரம் பக்கம், கிள்ளைக்கு அருகே எம்.ஜி.ஆர். திட்டு என்ற தீவுக் கிராமமே அழிந்தது. ஐதராபாத்தில் எச்சரிக்கை மையம் வந்தது 2007இல்தான்.

ஜப்பானில் 1854இல் ஹமகுச்சி கோர்யோ என்பவர் வைக்கோல் போர்களுக்குத் தீ வைத்து, அந்த வெளிச்சத்தில் ஊர்க்காரர்களை மேட்டுக்கு வரவைத்தார். அந்த நாளின் நினைவாகத்தான் நவம்பர் 5ஐ உலக சுனாமி விழிப்புணர்வு நாளாக ஐ.நா. அறிவித்தது. அங்கே சொல்லோடு கதையும் சேர்ந்தே வந்தது. நம்மிடம் 'சுனாமிக்கு முன்னாடி, பின்னாடி' என்று வருஷக் கணக்காகவும், தேர்தல் தலைப்பாகவும், குடியிருப்பின் பெயராகவும் சொல் மட்டும் தங்கிவிட்டது.

பையனிடம் முடிவாகச் சொன்னேன்: "நிலம் ஆடினாலோ, கடல் திடீர்னு உள்வாங்கினாலோ மேட்டுக்கு ஓடு. முதல் அலையோட முடிஞ்சுதுன்னு திரும்பி வந்துடாத. அடுத்தது இன்னும் பெருசா இருக்கலாம்."

சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "இங்க மேடு எங்கப்பா இருக்கு?"

நானும் பார்த்தேன். கண்ணுக்கெட்டிய தூரம் தட்டையான மணல். இரண்டு பேரும் அங்கேயே நின்று, உறுதியான மாடிக் கட்டடம் எது என்று தேட ஆரம்பித்தோம்.