ஒரே ஒரு ‘முடியாது’!

1652, மார்ச். வார்சாவில் ‘செய்ம்’ கூடியிருந்தது. போலந்து நாடாளுமன்றத்துக்கு அதுதான் பெயர். ஆறு வாரக் கெடு முடிந்தும் வேலை முடியவில்லை. ‘இன்னும் சில நாள் நீட்டிக்கலாமே’ என்றார்கள். சிசின்ஸ்கி என்கிற உறுப்பினர் ‘அனுமதிக்க மாட்டேன்’ என்று சொல்லிவிட்டு ஊரைப் பார்க்கக் கிளம்பிவிட்டார். அவ்வளவுதான்! ஆறு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டது மொத்தமும் செல்லாமல் போனது.

விதி அப்படி. அத்தனை பேரும் ஒப்புக்கொண்டால்தான் சட்டம். ‘லிபரம் வீட்டோ’ என்பார்கள். கேட்க ஜோராகத்தான் இருக்கிறது. மெஜாரிட்டி யாரையும் அமுக்க முடியாதே! (எங்கள் அபார்ட்மெண்டில் இந்த விதி இருந்தால் தண்ணீர் மோட்டார் இன்றைக்கும் ரிப்பேர்தான்.)

அங்கே ராஜாவுக்கே எலெக்‌ஷன். 1573-ல் பிரபுக்கள் கூடி பிரான்ஸ் இளவரசர் ஹென்றியைத் தேர்ந்தெடுத்தார்கள். மறுவருஷம் அண்ணன் இறந்து பிரான்ஸ் சிம்மாசனம் காலி என்று தெரிந்ததும், மனிதர் ராத்திரியோடு ராத்திரியாக ஓடிப்போனார்! ஓட்டெல்லாம் பிரபுக்களுக்கு மட்டும். பண்ணையடிமையாகக் கிடந்த குடியானவனை யார் கேட்டார்கள்?

சிசின்ஸ்கி காட்டிய வழி பழக்கமாகிவிட்டது. மூன்றாம் அகஸ்டஸ் சுமார் முப்பது வருஷம் ராஜா. அவர் காலத்தில் ஒழுங்காக முடிந்த செய்ம் ஒன்றே ஒன்று, 1736-ல். அப்புறம் நாடு எப்படி நடந்தது? நடந்தது சார்! உள்ளூர்ச் சபைகள் வரி வசூலைப் பார்த்துக்கொண்டன. பெரிய பிரபுக்களிடம் சொந்தப் படையே இருந்தது. ‘அரசாட்சி இல்லாததால்தான் போலந்து நிற்கிறது’ என்று பழமொழி வேறு.

காமர்ஸ் படித்தவன் கண் கணக்குக்குத்தான் போகும். 1717-ல் ராணுவத்துக்கு விதித்த உச்சவரம்பு 24,000 பேர். அதுவும் ஏட்டளவில். பக்கத்துப் பிரஷ்யாவிடம் 1740-ல் சுமார் 80,000!

அண்டை வீட்டுக்காரர்கள் சும்மா இருப்பார்களா? நாட்டை முடக்க ஒரே ஓர் உறுப்பினரின் பையை நிரப்பினால் போதுமே. போலந்தின் பழைய முறையை மாறாமல் காப்பதென்று 1764-ல் ரஷ்யாவும் பிரஷ்யாவும் ஒப்பந்தமே போட்டன. என்ன ஒரு பாசம்!

1772-ல் ஆஸ்திரியாவையும் சேர்த்துக்கொண்டு ஆளுக்கொரு துண்டு வெட்டிக்கொண்டார்கள். மறுவருஷம் அதற்கு செய்மின் சம்மதம் வேண்டியிருந்தது. இப்போதாவது அந்த வீட்டோ உதவியிருக்க வேண்டும், இல்லையா? ‘கூட்டமைப்பு’ என்ற பெயரில் கூடினால் மெஜாரிட்டியே போதும் என்று ஒரு சந்து இருந்தது. ரஷ்யா அந்தச் சந்தில் நுழைந்தது. ரெய்த்தன் என்ற உறுப்பினர் வாசலில் படுத்து மறித்தார். பிரயோஜனமில்லை.

1791 மே 3. எதிர்ப்பாளர்கள் பலர் ஈஸ்டர் லீவிலிருந்து திரும்பாத சமயம் பார்த்து, புதிய அரசியல் சட்டம் கொண்டுவந்து வீட்டோவை ஒழித்தார்கள். அடுத்த வருஷமே ரஷ்யப் படை வந்து நின்றது.

1793, குரோத்னோ நகரம். இரண்டாவது துண்டு போடச் சம்மதம் வேண்டும். மண்டபத்தைச் சுற்றி ரஷ்யச் சிப்பாய்கள். உறுப்பினர்கள் யாரும் வாய் திறக்கவில்லை. ராத்திரி நெடுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் மௌனம் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு தீர்மானம் நிறைவேறியதாக அறிவித்துவிட்டார்கள்.

1795-ல் மிச்சமும் போனது. மேப்பில் போலந்து மறுபடி வந்தது 1918-ல்.