வயது தகுதியாக இருந்த காலம்: தமிழ்நாட்டில் அஞ்சல்வழிக் கல்வியின் விரிவும் ஒடுக்கமும்

பள்ளியோடு படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போனவர்கள் முப்பது நாற்பது வயதில் பட்டம் பெறுவதற்குத் தமிழ்நாட்டில் இருந்த வழிகள் எப்படித் திறந்தன, பின்னர் எதனால் குறுகின என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. பல்கலைக்கழகங்கள் திறந்துவிட்ட வாசலை வேலை கொடுப்பவர்கள், குறிப்பாக அரசு, ஏற்கவில்லை. இந்த வரலாற்றின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

தொடக்கம் டெல்லியில். கல்லூரிகளில் இடம் போதாத நிலையில், டி.எஸ். கோத்தாரி தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி 1962-இல் டெல்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. அதே கோத்தாரியின் தலைமையில் அமைந்த கல்விக் குழு (1964–66) இன்னும் ஒரு படி மேலே போனது. 1986-க்குள் உயர்கல்வி பெறுவோரில் மூன்றில் ஒரு பங்கினராவது அஞ்சல்வழியிலும் மாலைக் கல்லூரிகளிலும் படிக்கும் நிலை வர வேண்டும் என்றது. வேலை பார்த்துக்கொண்டே படிப்பவரைக் கல்வித் திட்டத்தின் ஓரத்திலிருந்து நடுவுக்குக் கொண்டுவந்த பரிந்துரை இது.

தமிழ்நாட்டில் மதுரைப் பல்கலைக்கழகம் 1971-இல் இவ்வழியைத் தொடங்கியது. அண்ணாமலை 1979-இலும் சென்னை 1981-இலும் பின்தொடர்ந்தன. இவற்றில் சேர்ந்தவர்கள் யார் என்று பார்த்தால்தான் இதன் சமூகப் பொருள் விளங்கும். இடைநிலை ஆசிரியர், அலுவலக எழுத்தர், பஸ் கண்டக்டர், காவலர், திருமணத்தோடு படிப்பு நின்றுபோன பெண் என்று பலவகையினர். பாடங்கள் கட்டுக்கட்டாகத் தபாலில் வரும். சனி, ஞாயிறுகளிலோ விடுமுறையிலோ பக்கத்து ஊர்க் கல்லூரியில் நேர்முக வகுப்பு நடக்கும். தேர்வுக்கு லீவு போட்டுவிட்டு வெளியூர் மையத்துக்குப் பஸ் ஏற வேண்டும். "கரஸ்ல பி.ஏ. முடிச்சேன்" என்று அவர்கள் சொல்லும்போது குரலில் ஒரு தயக்கம் இருக்கும், ரெகுலரில் படித்தவர் பக்கத்தில் இருந்தால் அது கூடும். இரவு வேலையும் குழந்தை வளர்ப்பும் கழித்து மிஞ்சிய நேரத்தில் படித்தவருக்கு அந்தத் தயக்கம் தேவையே இல்லை.

ஆனால் அஞ்சல்வழிக் கல்வி மாற்றியது படிக்கும் இடத்தை மட்டும்தான். சேரும் தகுதி கல்லூரிக்குரியதாகவே இருந்தது. அதையும் தளர்த்தியது திறந்தநிலைப் பல்கலைக்கழகம் என்ற ஏற்பாடு. பிரிட்டனில் 1969-இல் சாசனம் பெற்ற திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1971-இல் முன்தகுதி எதுவும் கேட்காமல் மாணவர்களைச் சேர்த்தது. இந்தியாவில் முதலாவது, 1982-இல் ஹைதராபாத்தில் தொடங்கிய ஆந்திரப் பிரதேசத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். அதன் துணைவேந்தர் ஜி. ராம் ரெட்டிதான் 1985-இல் உருவான இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்கும் முதல் துணைவேந்தரானார்.

அதே 1985-இல் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட விதிமுறைகளில் நம் ஆய்வுக்கு முக்கியமான ஒரு பிரிவு உண்டு. தொலைநிலையில் இளநிலைப் பட்டம் படிக்கப் பன்னிரண்டு ஆண்டுப் பள்ளிப் படிப்பு வேண்டும் என்றது அது. முன்படிப்புச் சான்று இல்லாதவர் 21 வயது நிரம்பியவராக இருந்து, பல்கலைக்கழகம் நடத்தும் நுழைவுத் தேர்வில் தேறினால் சேரலாம் என்றும் அனுமதித்தது. வாழ்ந்து பெற்ற அறிவையும் ஒரு தகுதியாக மதித்த விதி இது. இந்திய உயர்கல்விச் சட்டங்களில் இவ்வளவு பரிவான வரிகள் அதிகமில்லை.

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் அந்த வரியோடு நிற்கவில்லை. திறந்தநிலை முறை என்ற பெயரில், இளநிலைப் பட்டமே இல்லாதவருக்கு முதுநிலைப் பட்டமும் வழங்கின. விதிவிலக்கு முதல் பட்டத்துக்கு மட்டுமே உரியது. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடர்பான வழக்கில், இளநிலை இல்லாமல் பெற்ற முதுநிலைப் பட்டம் செல்லாது என்று 2009 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு சரியானதே.

அதன் பிறகு மாநில அரசு செய்ததைத்தான் ஏற்க முடியவில்லை. 2009 ஆகஸ்டில் வந்த அரசாணை எண் 107, பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும் முடித்த பின் பெற்ற திறந்தநிலைப் பட்டமே அரசுப் பணிக்குச் செல்லும் என்றது. 2016-ஆம் ஆண்டின் அரசுப் பணியாளர் பணி நிபந்தனைகள் சட்டமும் பத்து, பிளஸ் டூ, பட்டம் என்ற அதே வரிசையைக் கேட்கிறது. விதிமீறலாகத் தரப்பட்ட எம்.ஏ.வோடு, 1985 விதி அனுமதித்த பி.ஏ.வும் சேர்ந்து அடிபட்டது. பல்கலைக்கழகம் விளம்பரம் செய்து கூப்பிட்டதை நம்பிச் சேர்ந்தவர்களின் பதவி உயர்வு நின்றது. தவறு செய்த நிறுவனங்களைவிட அவற்றை நம்பிய மாணவர்களே பெரிய விலை கொடுத்தார்கள்.

சட்டம் படித்துப் பாதை மாற நினைத்தவர்களுக்கும் இதே நிலைதான். இந்திய பார் கவுன்சிலின் 2008 விதிகள், அடிப்படைத் தகுதி இல்லாமல் நேரடியாகத் திறந்தநிலைப் பட்டம் பெற்றவர்களைச் சட்டக் கல்லூரியில் சேர்க்கக் கூடாது என்றன. மூன்றாண்டுப் படிப்புக்கு 30 வயது என்ற உச்சவரம்பையும் விதித்தன. அந்த வயது வரம்பு பல வழக்குகளைச் சந்தித்து, 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் இடைக்கால ஆணையால் நின்றது.

இதற்கிடையே 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் உருவாகியிருந்தது. அங்கீகாரம் பெற்ற தொலைநிலைப் பட்டம் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று மானியக் குழு 2022 செப்டம்பரில் மீண்டும் உறுதி செய்தது. அதே ஆண்டு ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்கவும் அனுமதித்தது. இரண்டும் நல்ல செய்திகள். ஆனால் இந்தச் சமத்துவம் படித்த முறையைப் பற்றியது. வரிசை குறித்த தடையை அது தொடவில்லை.

முறையான நுழைவுத் தேர்வு எழுதி, மூன்றாண்டு படித்துப் பட்டம் வாங்கியவரிடம் பிளஸ் டூ சான்றிதழ் கேட்பது நியாயமில்லை. அரசு அந்த ஒரு பிரிவினரை மட்டுமாவது விலக்கி, விதியைத் திருத்த வேண்டும். அதுவரை, அரசுப் பணியையோ சட்டப் படிப்பையோ மனத்தில் வைத்து நடுவயதில் படிக்க வருகிறவர்கள் முதலில் தனித்தேர்வராகப் பிளஸ் டூ எழுதித் தேறிவிட்டுப் பட்டப்படிப்பில் சேருங்கள். சேரும் முன், அந்தப் படிப்புக்கு அந்த ஆண்டுக்கான மானியக் குழு அங்கீகாரம் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.