அரவிந்தர் ஆசிரமப் பள்ளியும் சுதந்திரமும்

பள்ளியில் சுதந்திரம் என்றால் தேர்வில்லை, வீட்டுப்பாடமில்லை, விரும்பியபடி இருக்கலாம் என்றே பலர் பொருள் கொள்கின்றனர். புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமப் பள்ளியில் அச்சொல்லின் பொருள் வேறு.

அரவிந்தர் ஏழு வயதில் இங்கிலாந்து அனுப்பப்பட்டு, கேம்பிரிட்ஜில் பயின்றவர். ஐ.சி.எஸ். எழுத்துத் தேர்வில் வென்றும் குதிரையேற்றத் தேர்வுக்குப் போகாததால் அப்பணியை இழந்தார். பின்னர் பரோடாக் கல்லூரியில் ஆசிரியராகவும், 1906இல் தொடங்கிய வங்காள தேசியக் கல்லூரியின் முதல்வராகவும் இருந்தார். 1910இல் புதுச்சேரிக்கு வருவதற்குச் சற்று முன், கர்மயோகின் இதழில் கல்வி குறித்து எழுதினார். அதில் மூன்று கொள்கைகளைக் கூறுகிறார். எதையும் வெளியிலிருந்து புகட்ட முடியாது. ஆசிரியர் துணைவரும் வழிகாட்டியுமே. மாணவனின் மனத்தைக் கலந்தே அதை வளர்க்க வேண்டும். அருகிலுள்ளதிலிருந்து தொலைவிலுள்ளதற்குச் செல்ல வேண்டும். மூன்றாவதை பி.எட். படித்த எவரும் அறிவர். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் முதல் இரண்டையும் கடைப்பிடிப்பதுதான் கடினம்!

ஆசிரமத்தில் தொடக்கத்தில் குழந்தைகளுக்கு இடமில்லை. இரண்டாம் உலகப் போரின்போது அடைக்கலம் தேடிக் குடும்பங்கள் வந்தன. அவர்களின் பிள்ளைகளுக்காக 1943 டிசம்பர் 2 அன்று அன்னை சுமார் இருபது மாணவர்களுடன் பள்ளியைத் தொடங்கினார். தாமே பாடமும் நடத்தினார். 1952இல் அது பல்கலைக்கழக மையமாக விரிந்து, 1959இல் ஸ்ரீ அரவிந்தர் சர்வதேசக் கல்வி மையம் என்று பெயர் மாற்றப்பட்டது.

இங்கு உருவான முறையே ‘சுதந்திர முன்னேற்றம்’. மாணவனின் வளர்ச்சியை அவனுள் இருக்கும் ஆன்மா வழிநடத்த வேண்டும், பழக்கமோ சமூக வழக்கமோ வழிநடத்தக்கூடாது என்பது அன்னையின் கருத்து. எனவே தோன்றியதைச் செய்வது இங்கே சுதந்திரமாகாது. ஆசையும் சோம்பலும் ஆட்டிவைக்கும் பிள்ளையும் ஓர் அடிமையே. மதிப்பெண்ணுக்காகப் படிப்பவனும் அப்படித்தான். மேல் வகுப்புகளில் மாணவர் தம் பாடங்களைத் தேர்ந்தெடுக்கலாம். தேர்ந்தெடுத்த பின் கால அட்டவணையும் தேர்வும் செய்த வேலையை அவர்களே தமக்குச் செய்துகொள்ள வேண்டும். ஆசிரியருக்கும் இது எளிதன்று. வினாத்தாள் இல்லாதபோது ஒவ்வொரு பிள்ளையையும் கூர்ந்து கவனித்தே அதன் வளர்ச்சியை அறிய முடியும். மணியையும் மதிப்பெண் பட்டியலையும் நம்பிப் பணி செய்த என்னைப் போன்றோருக்கு இது பெரிய சோதனையாகவே இருந்திருக்கும்.

இச்சுதந்திரத்துக்கு ஒரு விலை உண்டு. வேலைக்காகச் சான்றிதழ் தேடினால் அறிவுக்காகக் கற்பது கெடும் என்று அன்னை எண்ணியதால் மையம் பட்டம் வழங்குவதில்லை. வெளியுலகமோ எதற்கும் முதலில் பட்டத்தையே கேட்கிறது. பெற்றோர் அதை அறிந்தே பிள்ளைகளை அங்கே சேர்க்க வேண்டியுள்ளது.