துவாஸும் அடாரும்

சிங்கப்பூரின் மேற்கெல்லையிலுள்ள துவாஸின் பெயரை, மலாய் மீனவரின் பழைய தொழிலொன்றோடு தொடர்புபடுத்துவர். தென்னோலைகளை நீரில் இடுவர். நிழல் நாடி மீன்கள் கூடியதும் வலையை உயர்த்துவர்.

விலங்கின் விருப்பத்தையே வலையாக்கும் இந்நெறி குறிஞ்சி நிலத்திலும் உண்டு. தினையுண்ணும் பன்றிக்கெனப் புனவன் கல் அடார் அமைக்க, புலி வந்து அகப்படுவதை நற்றிணை 119 பாடுகிறது. நற்றிணை 98இலோ, பொறி வைத்த வழியில் நுழையும் பன்றி பல்லியின் ஒலி கேட்டுத் திரும்பிவிடுகிறது. (தப்பித்த பன்றியையும் பாடியவர் நம் புலவர்!)

பழக்கிய விலங்கைக் காட்டி அதன் இனத்தை ஈர்ப்பதைத் தமிழ் ‘பார்வை’ என்றது. பன்றிக்கோ கண்ணினும் மூக்கே கூரியது. ஆதலின், விளைந்த தினையின் மணமே அதற்கு இரையாயிற்று என நாம் கொள்கிறோம்.

துவாஸில் இன்று பெருந்துறைமுகம் எழுகிறது. அத்தொழிற்சொல் ஊர்ப்பெயரில் வாழ்கிறது. அடாரையோ உரையின் துணையின்றி நம் மாணவர் அறியார்.