இளவேனில் பனியும் உலர்காற்றும்: பிளான்ஃபோர்டின் 1884 கட்டுரை பற்றி ஒரு மறுவாசிப்பு

ஹென்றி பிளான்ஃபோர்டு 1884-இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் வெளியீட்டில் எழுதிய இமயப் பனிக் கட்டுரை, பருவமழை முன்னறிவிப்பின் வரலாற்றை எழுதும் எவரும் தவறாமல் சுட்டுவது. அதைத் திறந்து படித்தவர்கள் அவ்வளவு பேர் இருப்பார்களா என்பது ஐயமே. வழிவழியாக வரும் சுருக்கம் ஒன்றுதான்: இமயத்தில் பனி மிகுந்தால் நிலம் சூடேறத் தாமதமாகும், நிலத்துக்கும் கடலுக்கும் இடையிலான வெப்ப வேறுபாடு குறையும், நாடு முழுவதும் பருவமழை நலியும். இதையடுத்து, இந்தக் கருதுகோள் பிற்காலத் தரவுகளின் முன் நிற்கவில்லை என்ற தீர்ப்பும் வரும். அந்தச் சுருக்கத்தில் இருப்பது பிளான்ஃபோர்டின் கூற்று இல்லை என்பதும், ஆகவே அந்தத் தீர்ப்பு அவரைத் தொடவில்லை என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

மூலத்தில் அவர் தம் கூற்றுக்கு மூன்று எல்லைகளை இடுகிறார். முதலாவது, இடம். பனியின் பரப்பும் கனமும் மாறுபடுவதன் நீண்ட விளைவை அவர் வடமேற்கு இந்தியச் சமவெளியின் மீதே ஏற்றிக் கூறுகிறார். இரண்டாவது, காலம். அவருடைய தலையாய சான்றுகள் நடுக்குளிர்காலப் பனியைப் பற்றியவை அல்ல. மேற்கு இமயத்தில் இளவேனிலில் பிந்தி விழுந்து, கோடை முற்றும்வரை கிடந்த பனியைப் பற்றியவை. மூன்றாவது, வழி. பனியால் குளிர்ந்த மலைப்பகுதி, சமவெளியில் வீசும் உலர்ந்த மேற்கு, வடமேற்குக் காற்றுகளுக்கு வலுவூட்டுகிறது. அக்காற்றுகள் நீடித்தால் ஈரக்காற்று உள்ளே வரும் வழி அடைபடுகிறது. உலர்காற்று கட்டுரையின் தலைப்பிலேயே இடம்பெற்றுள்ளது. வெப்ப வேறுபாட்டுக் கொள்கையின் முன்னோடியாக மட்டும் அவரைக் காண்பவர்கள் இந்த மூன்றாம் எல்லையைத்தான் முதலில் கைவிடுகிறார்கள்.

இந்த எல்லைகள் தற்செயலாக அமைந்தவை அல்ல என்பதற்கு 1877-ஆம் ஆண்டே சான்று. 1876–78 பெரும்பஞ்சத்தை ஒரே நிகழ்வாகப் பேசுவது நம் வழக்கம். ஆனால் தக்காணத்திலும் சென்னை மாகாணத்திலும் மழை பொய்த்தது 1876-இல். வடமேற்கு மாகாணங்களிலும் பஞ்சாபிலும் பொய்த்தது 1877-இல். மேற்கு இமயத்தில் பிந்திய பனி மிகுந்த இளவேனில் 1877-க்கு உரியது. நாடு தழுவிய ஒரு விதியைத் தேடுபவர் சென்னையின் பேரழிவைத் தம் சான்றாக இழுத்துக்கொள்வார். பிளான்ஃபோர்டின் வாதமோ வடக்கின் வறட்சியைப் பற்றிக்கொண்டே நகர்கிறது. பஞ்சத்தின் நிழலில் எழுதிய ஓர் அரசு வானிலையாளர், கைக்கெட்டிய மிகப் பெரிய சான்றை எடுத்துக்கொள்ளாமல் விட்டார் என்றால், தம் கூற்றின் எல்லையை அவர் அறிந்தே வகுத்தார் என்று கொள்வதுதான் பொருத்தம்.

அப்படியானால் எல்லைகள் எங்கே தொலைந்தன? நிர்வாகத்தின் தேவையில் என்று கருதத் தோன்றுகிறது. 1882 முதல் 1885 வரை பனியை அடிப்படையாக வைத்து முன்னோட்ட அறிவிப்புகள் தரப்பட்டன. 1886 ஜூன் 4-இல் வந்த முதல் முறையான பருவகால முன்னறிவிப்பு இந்தியாவையும் பர்மாவையும் ஒருசேர நோக்கியது. ஒரு பேரரசுக்கு ஒரே அறிவிப்பு வேண்டியிருந்தது. மலையடிவாரச் சமவெளிக்கு என்று பிறந்த குறி அந்த அளவுக்கு இழுத்து விரிக்கப்பட்டது. பின்னர் கில்பர்ட் வாக்கர், மே மாத இறுதியில் எஞ்சியிருக்கும் இமயப் பனியை மொரீசியஸ் காற்றழுத்தம், தென் அமெரிக்கக் காற்றழுத்தம், சான்சிபார் மழை ஆகியவற்றோடு ஒரே சமன்பாட்டில் வைத்தார். சமன்பாட்டின் மறுபக்கம் இருந்தது நாட்டின் ஒட்டுமொத்த மழை. அதே வாக்கர்தான் 1920-களில் இந்தியாவைத் தீபகற்பம், வடமேற்கு, வடகிழக்கு என்று பிரித்து முன்கணிக்கத் தலைப்பட்டார். ஒரே சராசரிக்குள் அடங்காத மழையை ஒரே எண்ணால் சொல்ல முடியாது என்பதை அவருடைய நடைமுறையே ஒப்புக்கொள்கிறது. பனிக் காரணி காலப்போக்கில் வலுவிழந்து வழக்கொழிந்தது உண்மை. வலுவிழந்தது எந்த உறவு என்று கேட்பதுதான் எஞ்சியிருக்கிறது.

செயற்கைக்கோள் காலத்துச் சோதனைகளும் இதே கேள்விக்கு உட்பட்டவை. 1960-களின் பிற்பகுதியிலிருந்து கிடைக்கும் வாராந்திரப் பனிப் படங்களைக் கொண்டு, இமயப் பனிப்பரப்புக்கும் அகில இந்திய மழைக்கும் குறிப்பிடத்தக்க ஒட்டுறவு இல்லை என்றும், மேற்கு யூரேசியப் பனிக்கே அது உண்டு என்றும் முடிவு கட்டப்பட்டது. கணக்கில் பிழை இருப்பதாக நான் சொல்லவில்லை. ஆனால் இந்தச் சோதனை அளந்தது பரப்பை மட்டுமே. இமயத்தின் உயர்பகுதியில் ஏப்ரலில் எந்த ஆண்டிலும் பனி உண்டு. ஆண்டுக்கு ஆண்டு பெரிதும் வேறுபடுவது அதன் கனம். மேலும், அந்தப் படங்களின் ஒவ்வொரு கட்டமும் நூறு கிலோமீட்டருக்கு மேல் அகலமானது. மலைத்தொடரின் குறுக்கே அப்படிப்பட்ட சில கட்டங்களே பொருந்தும். கனத்தையும் சேர்த்துப் பேசிய ஒருவரை, கனத்தைக் காணாத கருவியால், அவர் பேசாத பிரதேசத்தின் மழையை வைத்து மறுத்திருக்கிறோம்.

கனம் ஏன் முக்கியம் என்பதை எளிய கணக்கே காட்டும். ஒரு கிலோகிராம் பனியை உருக்க 334 கிலோஜூல் வெப்பம் வேண்டும். இளவேனிலின் ஈரப்பனி ஒரு மீட்டர் கனத்தில், கனமீட்டருக்கு 300 கிலோகிராம் அடர்த்தியில் கிடப்பதாகக் கொண்டால், ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 100 மெகாஜூல் உருக்கத்திற்கே போய்விடும். சதுர மீட்டருக்கு 100 வாட் நிகர வெப்பம் இடைவிடாது கிடைத்தாலும் இதற்கு 11 நாட்களுக்கு மேல் ஆகும். புதுப்பனி தன்மேல் விழும் ஒளியில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் திருப்பியனுப்புவதால் அந்த 100 வாட் கிடைப்பதே தாமதமாகும். உருகிய நீர் மண்ணில் ஊறி, ஆவியாகும்போது மேலும் வெப்பத்தை உறிஞ்சும். ஆக, ஏப்ரல் இறுதியில் விழும் கனத்த பனியின் நினைவு சில வாரங்கள் நிலைத்து, ஜூனை எட்டக்கூடும். செப்டம்பரை எட்டுமென்று எதிர்பார்க்க இடமில்லை. நான்கு மாத மழையின் கூட்டுத்தொகையில் இந்தக் குறி தென்படாமல் போவதில் வியப்பில்லை. அதைத் தேட வேண்டிய இடம் வடமேற்கில் பருவமழையின் தொடக்கமும் அதன் முதல் இடைவெளிகளும்தான்.

உலர்காற்றுப் பகுதியைப் பற்றிக் கூடுதல் எச்சரிக்கை தேவை. 2002 ஜூலையில் நாட்டின் மழை இயல்பில் ஏறத்தாழ பாதியாகச் சரிந்தபோது, மேற்கிலிருந்து வந்த வறண்ட காற்று இடைவளிமண்டலத்தில் புகுந்து மேகங்கள் உயர்வதைத் தடுத்தது ஆராயப்பட்டது. அண்மைக் காலக் கணினி மாதிரிக் கணிப்புகளும், வறண்ட காற்று தெற்கே இறங்காமல் காப்பது இமயத்தின் முதன்மையான பணிகளில் ஒன்று என்று காட்டுகின்றன. உலர்காற்று மழையைக் கெடுக்கும் என்ற பாதி இதனால் உறுதிப்படுகிறது. அந்தக் காற்றுக்கு வலுவூட்டுவது மலைப்பனி என்ற மறுபாதி உறுதிப்படவில்லை. ஆனாலும், வெப்ப வேறுபாடு ஒன்றையே பேசிய பல பத்தாண்டுகளுக்குப் பின் ஆய்வுலகம் உலர்காற்றிடம் திரும்பியிருப்பதை, 1884-இன் உள்ளுணர்வில் அந்த முதல் பாதிக்குக் கிடைத்த ஆதரவாகவே கொள்கிறேன்.

இரு மறுப்புகள் எழும். 1877 ஒரு பேரளவு எல் நினோ ஆண்டு. வறட்சிக்கு அதுவே போதிய காரணம் என்பது ஒன்று. எல் நினோ மேற்கத்திய இடையூறுகளை வலுப்படுத்திப் பனியையும் பெருக்கியிருக்கலாம்தான். ஆனால் முன்குறியாகப் பயன்பட ஒன்று மூலகாரணமாக இருந்தாக வேண்டிய கட்டாயமில்லை. பசிபிக்கின் பங்கு அறியப்படாத காலத்தில், கண்ணெதிரே தெரிந்த மலையிலிருந்து அந்தச் செய்தியைப் படித்ததே சாதனை. சில ஆண்டுகளின் சான்றைக் கொண்டு விதி வகுக்கலாமா என்பது மற்றொன்று. கூடாது, வரையறுத்த ஒரு கருதுகோளை வகுக்கலாம். பிளான்ஃபோர்டு செய்தது அதுதான்.

இப்படி வாசிக்கப்படும் பிளான்ஃபோர்டின் கூற்று சரியா என்பதைச் சோதிக்க வழி உண்டு. மேற்கு இமயத்தில் ஏப்ரல், மே மாதங்களில் தேங்கும் பனியின் நீரளவை ஒருபுறமும், வடமேற்குச் சமவெளியின் ஜூன், ஜூலை மழையை மறுபுறமும் வைத்து, எல் நினோ ஆண்டுகளைத் தனியே பிரித்துப் பார்க்க வேண்டும். இடையே வடமேற்கு உலர்காற்று வலுக்கவில்லை என்று தெரிந்தால் பிளான்ஃபோர்டின் கூற்று வீழும். அதை நானும் ஏற்பேன். அந்தச் சோதனைக்கு மலையுச்சிகளில் பனியின் ஆழத்தையும் எடையையும் அளக்கும் நிலையங்கள் இன்றிருப்பதைவிட மிகுதியாக வேண்டும். இளவேனிலில் மலையைக் கவனித்துச் சமவெளிக்குச் சொல்லும் முறை தோற்றுவிட்டது என்று முடிவு கட்டியதும் அவற்றுக்கான அவசரம் உணரப்படாததற்கு ஒரு காரணமாக இருக்கலாம். நாட்டுக்கு ஒரே எண்ணைச் சொல்லும் முன்னறிவிப்பைவிட, பஞ்சாபின் விதைப்புக்கு ஜூனைப் பற்றி மட்டும் சொல்லும் முன்னறிவிப்பு சிறியது. ஆனால் உழவருக்குப் பயன்படுவது அதுவே. 1884-இன் வரையறுத்த கூற்றுக்கு நெருக்கமானதும் அதுவே.