‘திரில்லர்’: வரைவுப் பதிவுகள் உணர்த்தும் ஆக்க வரலாறு

மைக்கேல் ஜாக்சனின் ‘திரில்லர்’ இசைத்தொகுப்பு 1982 நவம்பரில் வெளிவந்தது. தயாரிப்பாளர் குயின்சி ஜோன்ஸ். ஒலிப்பொறியாளர் புரூஸ் சுவிடீன். முதலில் அமைந்த ஒலிக்கலவை அவர்களுக்கு நிறைவளிக்கவில்லை. இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் நேரம் மிகுந்தால் வரிப்பள்ளங்கள் நெருங்கி ஒலி மெலியும். எனவே பாடல்களைச் சுருக்கி மீண்டும் கலந்தனர்.

ரசிகர்களின் மறுவாசிப்புக்குப் பிற்காலப் பதிப்புகள் சான்றளிக்கின்றன. 2001ஆம் ஆண்டுப் பதிப்பு ‘பில்லி ஜீன்’ பாடலின் 1981ஆம் ஆண்டு வீட்டுப்பதிவைத் தந்தது. அதில் சொற்கள் பல அமையவில்லை. எனினும் தாழ்சுர ஓட்டம் தெளிவாக ஒலிக்கிறது. 2022ஆம் ஆண்டுப் பதிப்பில் இடம்பெற்ற ‘ஸ்டார்லைட்’, ராட் டெம்பர்ட்டன் இயற்றிய தலைப்புப் பாடலின் முந்தைய வடிவமாகும். முன்னது ஜாக்சனின் தனித்திறனையும் பின்னது பிறர் பங்கையும் நிறுவுகின்றன. ஆகவே இத்தொகுப்பைத் தனியொருவர் படைப்பென்றோ தயாரிப்பாளரின் ஆக்கமென்றோ கொள்வது பொருந்தாது.