கண்டி வீதியின் மறுகோடி

பரந்தன் சந்தியிலே நின்று, வடக்கும் தெற்குமாக ஓடும் அப்பெருவீதியின் பெயர் யாதென நம்மூர்ச் சிறுவன் ஒருவனைக் கேட்டால், "கண்டி வீதி" என்று தயங்காது விடை பகர்வான். அரசாங்கப் பதிவேடுகளில் அதன் பெயர் ஏ-9 என்பது. மக்கள் வாயிலோ அது என்றும் கண்டி வீதியே. முரசுமோட்டையிலிருந்து முல்லைத்தீவு வீதியால் வந்து பரந்தனில் ஏறும் நாம், நாள்தோறும் அப்பெயரைச் சொல்லுகின்றோம். ஆயினும் அவ்வீதியின் மறுகோடியிலே, 250 கிலோமீற்றருக்கு அப்பால், மலைகளின் மடியிலே அமர்ந்திருக்கும் அந்நகரைப் பற்றி நாம் அறிந்தது எவ்வளவு?

ஆண்டுதோறும் நம் இளைஞர்கள் கண்டிக்குச் சுற்றுலாச் செல்கின்றனர். முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துப் புறப்படுகின்றனர், வாவியைக் காண்கின்றனர், தலதா மாளிகையைக் காண்கின்றனர், பேராதனைப் பூங்காவிலே மரநிழலில் இருந்து சோறுண்கின்றனர், கைத்தொலைபேசியிற் படம் பிடித்துக்கொண்டு மீள்கின்றனர். இதிற் குறையொன்றுமில்லை. எனினும் கண்ணாற் காண்பது ஒன்று. கருத்தாற் காண்பது வேறொன்று. பின்னதற்குத் துணையாகச் சில செய்திகளை இம்மலரின் வாயிலாக எடுத்துரைக்க விழைகின்றோம்.

நகரும் பெயரும்

கண்டி கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1,600 அடி உயரத்திலே உள்ளது. மகாவலி கங்கை அதனை வளைந்தோடுகின்றது. மலையும் ஆறும் காடும் அதற்கு இயற்கை தந்த கோட்டைகள். பதினான்காம் நூற்றாண்டிலே மூன்றாம் விக்கிரமபாகு மன்னன் காலத்திற் செங்கடகல என்ற பெயரோடு இந்நகர் தோன்றியது. சிங்கள மக்கள் இதனை "மகாநுவர", அதாவது பெருநகர், என அழைப்பர். மலைமேல் நாடு எனப் பொருள்படும் "கந்த உட ரட்ட" என்ற தொடரைப் போர்த்துக்கேயர் குறுக்கி வழங்கியதே கண்டி என்ற பெயராயிற்று. 1592ஆம் ஆண்டளவில் முதலாம் விமலதர்மசூரியன் இதனைத் தலைநகராக்கினான். கரையோரமெங்கும் போர்த்துக்கேயரும், அவர்க்குப்பின் ஒல்லாந்தரும், ஆங்கிலேயரும் அடுத்தடுத்துக் கைப்பற்றியபோதும், 1815 வரை இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாக இம்மலைநகர் தலைவணங்காது நின்றது.

அக்காலத்திலும் வன்னிக்கும் கண்டிக்கும் தொடர்பிருந்தது. 1660இற் சிறைப்பட்டுக் கண்டி நாட்டிலே பத்தொன்பது ஆண்டுகள் வாழ்ந்த இறொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயன், 1679இல் தப்பியோடியபோது அநுராதபுரத்தைக் கடந்து, மல்வத்து ஓயா எனப்படும் அருவியாற்றின் வழியே நம் வன்னிக் காடுகளின் ஓரமாக நடந்துதான் அரிப்புக் கோட்டையை அடைந்தான். 1803ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே கண்டியிலிருந்த ஆங்கிலேயப் படை அழிந்தது. இரண்டு திங்கள் கழித்து, ஓகஸ்ட் மாதத்திலே, பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கினான். 31-10-1803 அன்று கற்சிலைமடுவில் அவன் தோற்கடிக்கப்பட்டான் என்று அங்கு நாட்டப்பட்ட கல் கூறும். மலைநாட்டாரும் வன்னியாரும் ஒரே ஆண்டிலே ஒரே பகைவனை எதிர்த்தனர் என்பது நாம் மறக்கத் தகாத செய்தி.

வாவியும் மாளிகையும்

நகருக்குட் புகுவோரின் கண்ணை முதலிற் கவர்வது வாவி. இயற்கையாய் அமைந்ததெனப் பலரும் எண்ணும் அவ்வாவி, மனிதர் கையால் ஆக்கப்பட்டது. ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807ஆம் ஆண்டளவிலே வயல்நிலத்தின் குறுக்கே அணைகட்டி அதனை ஆக்குவித்தான். அதன் சிங்களப் பெயரின் பொருள் பாற்கடல் என்பதாம். வயலின் அருமை அறிந்த நமக்கு, விளைநிலம் நீரில் மூழ்கியது என்றால் அதன் பொருள் விளங்கும். அழகுக்காக மக்களைக் கூலியின்றி வருத்தி வேலைவாங்கினான் என்று பிரதானிகள் மன்னன்மேற் சினங்கொண்டனர். மேகம் போன்ற வடிவில் வாவிக்கரையிலே எழுப்பப்பட்ட மதில் இன்றும் முற்றுப்பெறாதே நிற்கின்றது. அதனைக் கட்டுவித்தவனின் ஆட்சி முடிந்த கதையையே அது சொல்லுகின்றது எனலாம்.

வாவியின் அருகே விளங்குவது புத்தர்பிரானின் புனிதப் பல்லைப் பேணும் தலதா மாளிகை. அதன் இன்றைய ஆலயத்தை எடுப்பித்தவன் 1707 முதல் 1739 வரை ஆண்ட வீர நரேந்திரசிங்கன். முகப்பிலுள்ள எண்கோண மண்டபம் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் காலத்திலே தேவேந்திர மூலாசாரி என்னும் சிற்பி அமைத்தது. 1988இல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ நிறுவனம் கண்டி நகரை உலக மரபுரிமைத் தலமாக அறிவித்தது. பத்தாண்டுகளுக்குப் பின்னர், 1998ஆம் ஆண்டு ஜனவரியிலே, குண்டுவெடிப்பினால் மாளிகை சேதமுற்றது, உயிர்களும் பலியாயின. பின்பு அது செம்மையாகத் திருத்தப்பட்டது. வழிபாட்டிடம் எச்சமயத்தாரதாயினும் அது சிதைவது மனிதகுலத்துக்கே இழப்பு. நம் கோயில்கள் சிதைந்ததைக் கண்ணாற் கண்ட நமக்கு இதனை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

நாயக்க மன்னர்

வீர நரேந்திரசிங்கனுக்குப் பட்டத்து மைந்தன் இல்லை. அவனுடைய அரசி மதுரைப் பக்கத்து நாயக்கர் குலத்தினள். ஆதலின் 1739இல் அவள் உடன்பிறந்தான் ஸ்ரீ விஜய ராஜசிங்கன் முடிசூடினான். அவனைத் தொடர்ந்து கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன், ராஜாதி ராஜசிங்கன், ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் என மூவர் ஆண்டனர். நால்வர் ஆட்சியும் சேர்ந்து 76 ஆண்டுகள். இவர்களைத் தமிழ் மன்னர் என்று மட்டும் கூறி மார்தட்டிக்கொள்வோர் நம்மிடையே உளர். அது முழு உண்மையன்று. நாயக்கர் தெலுங்கு வழியினர். தமிழகத்திலே வாழ்ந்து தமிழும் வழங்கியவர். கண்டியில் அவர்கள் பௌத்தத்தின் காவலராகவே அரசு செய்தனர். பிக்குகளின் துறவுமரபு அற்றுப்போன காலத்திலே, 1753இல் சீயம் நாட்டிலிருந்து பிக்குகளை வருவித்து அதனை மீளத் தழைக்கச் செய்தவன் கீர்த்தி ஸ்ரீயே. பிறந்த சமயம் சைவமாயினும் ஆளும் மக்களின் சமயத்தைப் பேணுதல் அரசனின் கடன் என அவன் கொண்டான். இதுவன்றோ நாம் பெருமையுடன் எடுத்துக்கூறத் தக்கது?

இறுதி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் இளமைப் பெயர் கண்ணுசாமி. ஐயமும் அச்சமும் அவன் மதியை மயக்கின. 1814இல், பகைவரோடு சேர்ந்த எகலப்பொல என்னும் பிரதானியின் மனைவியையும் சிறுவர்களையும் அவன் கொல்வித்தான். அக்கொடுமையை எவ்வகையானும் நியாயப்படுத்த இயலாது. மக்கள் மனம் அவனைவிட்டு நீங்கியது. 1815 பெப்ரவரியில் ஆங்கிலேயப் படை போரின்றியே நகருட் புகுந்தது. மன்னன் சிறைப்பட்டான். அவ்வாண்டு மார்ச் 2ஆம் நாள், செதுக்கு வேலைமிக்க மரத்தூண்கள் தாங்கும் அரசவை மண்டபத்திலே கண்டி ஒப்பந்தம் நிறைவேறிற்று. அதிற் கைச்சாத்திட்ட பிரதானிகளின் ஒப்பங்களிற் சில தமிழெழுத்தில் அமைந்தவை. மன்னனோ வேலூருக்கு அனுப்பப்பட்டு, 1832இல் அங்கேயே மாண்டான். பாலாற்றங்கரையிலுள்ள முத்துமண்டபம் அவன் நினைவாக விளங்குகின்றது. அவ்வரசவை மண்டபத்தைக் காணும் இளைஞர் ஒரு கணம் நின்று சிந்திப்பாராக. உட்பகையால் ஒரு நாடு வீழ்ந்த இடம் அது.

தேவாலயங்கள்

தலதா மாளிகையைச் சூழ நாதர், விஷ்ணு, கதிர்காமக் கந்தன், பத்தினி ஆகிய நால்வர்க்கும் தேவாலயங்கள் உள்ளன. எசல பெரஹரா என்னும் பெருவிழா ஆதியில் இந்நான்கு தேவாலயங்களுக்கும் உரியதாகவே இருந்தது. கீர்த்தி ஸ்ரீ காலத்திலேதான் புனிதப் பல்லின் பேழை அவ்வூர்வலத்தின் முன்னே செல்லலாயிற்று. பத்தினி என்பாள் வேறு யாருமல்லள்; நம் கண்ணகித் தாயே. வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளைக்குச் சென்று நாம் வணங்கும் அவ்வன்னையைச் சிங்கள மக்கள் கண்டியிலே பத்தினித் தெய்வமென வணங்குகின்றனர். சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்குக் கோயிலெடுத்தபோது இலங்கைக் கயவாகு மன்னனும் உடனிருந்தான் என்று சிலப்பதிகாரம் கூறுவது ஈண்டு நினைவுகூரத் தக்கது.

காலமுடையோர் நகர்ப்புறத்துள்ள கடலாதெனிய, இலங்காதிலக விகாரைகளையும் தவறாது காண்க. இரண்டும் 1344ஆம் ஆண்டுக்குரியவை. கடலாதெனியவைக் கட்டிய சிற்பியின் பெயர் கணேசுவராசாரி என்பதை அங்குள்ள சாசனம் உரைக்கும். இலங்காதிலகப் பாறையிலே சிங்களச் சாசனத்தோடு தமிழ்ச் சாசனமும் பொறிக்கப்பட்டுள்ளது. ஒரே பாறை இருமொழியையும் எழுநூறாண்டாகச் சுமந்து நிற்கின்றது. அப்பாறைக்கு அது பாரமாக இல்லை. நகரிலே கட்டுக்கலைச் செல்வ விநாயகரையும், பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்திலே குறிஞ்சிக் குமரனையும் தரிசித்து வருதல் நம் சங்கத்தவர்க்கு முறையாகும்.

தோட்டமும் உழைப்பும்

பேராதனைப் பூங்கா 147 ஏக்கர் பரப்புடையது. அரச குடும்பத்தின் பூந்தோட்டமாயிருந்த நிலத்திலே, 1821இல் அலெக்சாந்தர் மூன் என்பவர் தாவரவியற் பூங்காவைத் தொடங்கினார். அதன் பனைவரிசையும் மூங்கிற் புதரும் காண்போர் உள்ளத்தைக் கொள்ளைகொள்வன. ஆயினும் அப்பூங்கா வெறும் காட்சிக்காக எழுந்ததன்று. பிறநாட்டுப் பயிர்களை இம்மண்ணிலே பழக்கி, அவற்றாற் செல்வம் ஈட்டுவதற்கென எழுந்தது. அங்கிருந்து பெற்ற விதையைக் கொண்டே ஜேம்ஸ் டெயிலர் 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரிலே தேயிலை பயிரிட்டார். அதே ஆண்டிற் புகையிரதமும் கண்டியை அடைந்தது. முன்னர் மலையெங்கும் நிறைந்திருந்த கோப்பி 1869இல் தோன்றிய இலைநோயால் அழியத் தொடங்க, தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது.

இவற்றையெல்லாம் நட்ட கைகள் யாருடையவை? வறுமையால் தமிழகத்தை விட்டுத் தோணியேறி வந்த ஏழைகளின் கைகள். அவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டினூடாக மதவாச்சி, தம்புள்ளை வழியே மாத்தளைக்கு நடந்தனர். 1914இல் தலைமன்னாருக்குப் புகையிரதம் வரும்வரை பலர்க்கும் கால்நடையே கதி. வாந்திபேதியும் காய்ச்சலும் பலரை வழியிலேயே வீழ்த்தின. எஞ்சியோர் வந்து இளைப்பாறிய மாத்தளையிலே முத்துமாரியம்மன் கோயில் இன்று வானளாவிய கோபுரத்தோடு நிற்கின்றது. அவ்வழியை நினைவுகூர்ந்து 2023ஆம் ஆண்டிலே தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மலையக மக்கள் நடைபயணம் மேற்கொண்டனர். கண்டி செல்லும் நம் பஸ்வண்டி அக்கோயில் அருகே அரைநாழிகை நிற்குமாயின், சுற்றுலாவின் பயன் இரட்டிப்பாகும்.

மறுகோடி நம்மூரே

நாட்டுக்குச் செல்வம் தேடித்தந்த அம்மக்களின் குடியுரிமை 1948ஆம் ஆண்டுச் சட்டத்தாலே பறிபோயிற்று. 1958, 1977, 1983ஆம் ஆண்டுகளின் கலவரங்களால் வீடிழந்தோரிற் பலர், மீண்டும் இக்கண்டி வீதியாலேயே வடக்கு நோக்கி வந்து வன்னியிற் குடியேறினர். மலையாளபுரம், பாரதிபுரம் முதலிய ஊர்களிலே அவர்கள் காடுவெட்டிக் களனியாக்கினர். இரணைமடு நீர் பாயும் நம் வயல்களிலே நாற்று நட்டவரும் கதிர் அறுத்தவரும் அவர்களே. போர்க்காலத்தில் வீதி 2002இற் திறந்து 2006இல் மீண்டும் மூடியபோதும், 2009இன் பேரழிவிலும், நம்மோடு ஒரே துன்பத்தை அவர்கள் அனுபவித்தனர்.

அப்படியிருந்தும் "தோட்டக்காட்டார்" என்ற இழிசொல் நம் வேலியோரங்களிலே இன்னும் ஒலிக்கின்றது. கோயில் உபயம் வகுக்கும்போதும், காணிப் பேச்சு எழும்போதும், மணம் பேசும்போதும் அச்சொல் தலைகாட்டுகின்றது. பெரியோர்களே, இதனை மறுப்பதற்கில்லை. ஈசன் அடியார்க்குட் பேதமில்லை என மேடையிற் பேசி, வீட்டிலே பேதம் பாராட்டுவது இந்து இளைஞர் சங்கம் என்ற பெயருக்குத் தகுமா? கண்டியின் அழகைக் கண்டு வியந்து, தேநீரைச் சுவைத்து, அவற்றை ஆக்கியவரின் பேரப்பிள்ளையைத் தாழ்வாக நோக்கினால், நாம் கண்டியைக் கண்டோமாயினும் காணாதவர்களே.

ஆகவே அடுத்த சுற்றுலாவிலே, மலையக வழிவந்த குடும்பங்களின் முதியோர் சிலரையும் உடனழைத்துச் செல்வோம். பஸ்ஸின் முன் ஆசனத்திலே அவர்களை இருத்துவோம். அவர்கள் வாயாலே அம்மலைகளின் கதையை நம் இளைஞர் கேட்கட்டும். வீதியொன்றுக்கு இரு கோடிகள் உண்டு. கண்டி வீதியின் ஒரு கோடியை அறிந்தவர்கள் நம் அயலிலேயே வாழ்கின்றனர். அவர்களைக் கேளாது அந்நகரைப் பார்க்கப் புறப்படுவது, வழிகாட்டியை வாசலிலே நிறுத்திவிட்டு வழிதேடுவது போன்றதாகும்.

வாழ்க நம் சங்கம்! வளர்க ஒற்றுமை!